ஸ்லாவியர்கள் எங்கிருந்து வந்தார்கள், எப்படி இவ்வளவு தூரம் பரவினார்கள்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: ரோமானியப் பேரரசு உச்சத்தில் இருந்தபோது யாரும் பெரிதாகக் கேள்விப்படாத ஸ்லாவியர்கள் (இன்று ரஷ்யன், போலிஷ், செக், பல்கேரியன் போன்ற ஸ்லாவிய மொழிகளைப் பேசுபவர்களின் மொழி முன்னோர்), 200 வருஷத்துக்குள் ஜெர்மனியின் எல்பே நதியிலிருந்து கிரீஸ் வரை எப்படி நிறைந்தார்கள், நிஜமாகவே இடம்பெயர்ந்து வந்தார்களா, இல்லை அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் மொழியை மட்டும் மாற்றிக்கொண்டார்களா என்று கேட்கிறீர்கள். கூடவே, போலந்தில் அவர்கள் 3000 வருஷமாக இருந்தார்கள் என்று ஒரு வீடியோவில் சொன்னது சரியா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பூர்வீகம் எங்கே என்பது ஒரு கேள்வி, பரவியது ஆட்களா மொழியா என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த விஷயத்தில் இவ்வளவு சண்டை நடக்கிறது. நான் படித்தது வரலாற்று மொழியியல். பல வருஷமாகக் கல்லூரியில் நடத்துவது ஐரோப்பாவின் முன் இடைக்கால வரலாறு. மரபணு ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் இல்லை, அதனால் அந்தப் பகுதியை மட்டும் வெளியான ஆய்வுகளைப் படித்தவனாகச் சொல்கிறேன், மற்றதை என் துறைக்காரனாகச் சொல்கிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத இடத்திலிருந்து தொடங்குவோம். 6ஆம் நூற்றாண்டின் நடுவில், கான்ஸ்டாண்டிநோபிளில் எழுதிய இரண்டு பேர் இவர்களைத் தெளிவாகக் குறிப்பிடுகிறார்கள். ஒருவர் புரோகோபியஸ், பேரரசர் ஜஸ்டினியனின் தளபதி பெலிசாரியஸோடு போர்களுக்குப் போனவர். இன்னொருவர் யோர்டானஸ், 551 வாக்கில் கோத் என்ற ஜெர்மானிய மக்களின் வரலாற்றை எழுதியவர். டான்யூப் நதிக்கு வடக்கே ஸ்க்லாவேனி, அந்தே என்று இரண்டு கூட்டங்கள் இருப்பதாக இருவருமே சொல்கிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் பேச்சு ஒன்றே, ஒரு தனி ஆளின் ஆட்சிக்குக் கீழே இருப்பதில்லை, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கும் எளிய குடிசைகளில் வாழ்கிறார்கள், அடிக்கடி இடம் மாறுகிறார்கள், மின்னலை உண்டாக்கும் ஒரு கடவுளை எல்லாவற்றுக்கும் தலைவனாக நினைத்து மாடு பலியிடுகிறார்கள், கவசம் இல்லாமல் சிறு கேடயமும் எறியீட்டியும் வைத்துக்கொண்டு நடந்தே சண்டைக்கு வருகிறார்கள் என்று புரோகோபியஸ் எழுதுகிறார். சும்மா காதில் விழுந்த வதந்தி இல்லை இது, ரோமப் படையில் கூலிக்குச் சேர்ந்த ஸ்லாவிய வீரர்கள் இத்தாலியில் சண்டை போட்டதையும் அவரே பதிவு செய்திருக்கிறார்.

அதற்கு முன்னால்? இங்கேதான் தரை ஆட ஆரம்பிக்கிறது. 98இல் டாசிடஸ் எழுதிய ஜெர்மானியர் பற்றிய நூலில் வெனெதி என்றொரு மக்கள் வருகிறார்கள். அவர்களை ஜெர்மானியரோடு சேர்ப்பதா, கிழக்குப் புல்வெளி நாடோடிகளான சர்மாத்தியரோடு சேர்ப்பதா என்று அவருக்கே தெரியவில்லை. யோர்டானஸ் 450 வருஷம் கழித்து, ஸ்க்லாவேனியும் அந்தேவும் அந்த வெனெதி மக்களின் கிளைகள்தான் என்கிறார். இதை அப்படியே நம்பி, ஸ்லாவியர்கள் முதல் நூற்றாண்டிலேயே போலந்தில் ஓடும் விஸ்துலா நதிக்கரையில் இருந்தார்கள் என்று சொல்பவர்கள் நிறைய. எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. பழைய நூல்களில் படித்த பெயரை எடுத்துப் புதிதாக வந்த மக்களுக்கு ஒட்டுவது அந்தக் காலத்து வரலாற்று ஆசிரியர்களின் வழக்கம், கோத் மக்களையே, முன்பு டான்யூப் பக்கம் வாழ்ந்த வேறொரு மக்களின் கெதாயி என்ற பழைய பெயரோடு சேர்த்துக் குழப்பியவர்தான் யோர்டானஸ். டாசிடஸின் வெனெதி மக்கள் ஸ்லாவியர்களாகவோ பால்டிக் மொழி பேசியவர்களாகவோ இரண்டும் கலந்தவர்களாகவோ இருந்திருக்கலாம். நூல்களை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது.

மொழி கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறது. ஸ்லாவிய மொழிகளுக்கு மிக நெருங்கிய உறவு லிதுவேனியன், லாட்வியன் முதலிய பால்டிக் மொழிகள். ஆகவே இரு கூட்டத்தின் முன்னோர்களும் நெடுங்காலம் அக்கம்பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். டினீப்பர் ஆற்றின் மேல்பகுதியில் (இன்றைய பெலாரூஸ் பக்கம்) நூற்றுக்கணக்கான ஆறு, ஓடைகளின் பெயர்கள் பால்டிக் மொழியிலிருந்து வந்தவை என்பதை 1962இல் தொபோரோவ், துருபச்சோவ் என்ற இரு ரஷ்ய மொழியியலாளர்கள் விரிவாகக் காட்டினார்கள். அப்படியானால் ஸ்லாவியர்கள் அந்தப் பகுதிக்குப் பிறகுதான் வந்தார்கள், தொடக்கத்தில் அதற்குத் தெற்கே இருந்தார்கள் என்று ஆகிறது. சதுப்பு, ஏரி, காடு, சிற்றாறு இவற்றுக்கெல்லாம் ஸ்லாவிய மொழிகளில் சொந்தச் சொற்கள் தாராளம். பீச் மரத்துக்கோ ஜெர்மானிய மொழியிலிருந்து கடன் வாங்கியிருக்கிறார்கள். அந்த மரம் இயற்கையாக வளரும் எல்லை ஏறக்குறைய கலினின்கிராடிலிருந்து ஒடேசா நோக்கிப் போகும் ஒரு கோட்டோடு நின்றுவிடுகிறது, எனவே பூர்வீகம் அதற்குக் கிழக்கே என்று 1908இல் ரொஸ்தாஃபின்ஸ்கி வாதிட்டார். மாணவர்களுக்கு மிகவும் பிடித்த வாதம் இது. ஆனால் தனியாக இதன் மேல் எதையும் கட்டக்கூடாது, மரங்களின் எல்லை காலநிலையோடு நகரும், ஒரு மரத்தின் பெயரைப் பல காரணங்களால் மாற்றிக்கொள்ளலாம். தலைவன், தலைக்கவசம், ரொட்டி போன்றவற்றுக்கும் பழைய ஜெர்மானியக் கடன் சொற்கள் இருப்பதோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அதற்கு எடை கூடுகிறது. இந்தக் கடன்கள் அவ்வளவு இயல்பாக எல்லா ஸ்லாவிய மொழிகளிலும் இருப்பதைப் பார்த்தால், 3, 4ஆம் நூற்றாண்டுகளில் இன்றைய உக்ரைனில் பரவியிருந்த கோத் மக்களின் ஆதிக்கத்துக்குப் பக்கத்திலேயே இவர்கள் இருந்தார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

அகழாய்வும் அதே திசையைத்தான் காட்டுகிறது. கோத் மக்களோடு தொடர்புபடுத்தப்படும் செர்னியாகிவ் பண்பாட்டுக்கு வடக்கே, நடு டினீப்பர், தெஸ்னா ஆறுகளின் பக்கம், கீவ் பண்பாடு என்று பெயர் வைத்த எளிய கிராமங்கள் 3ஆம் நூற்றாண்டிலிருந்து 5ஆம் நூற்றாண்டு வரை இருக்கின்றன. கையால் செய்த அலங்காரமில்லாத பானை, தரையில் பள்ளம் தோண்டி அமைத்த சிறு சதுர வீடு, இறந்தவரை எரித்து அந்தச் சாம்பலைப் புதைப்பது. 5ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இதே பாணி, வீட்டு மூலையில் கல் அடுப்போடு, மேற்கே கார்பாத்தியன் மலைகளைச் சுற்றிக்கொண்டு பொகீமியா (இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி) வரைக்கும், தெற்கே டான்யூப் வரைக்கும் தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. 1940இல் இவான் போர்கோவ்ஸ்கி பிராக் நகரைச் சுற்றிக் கிடைத்த பானைகளை வைத்து இதற்குப் பிராக் பண்பாடு என்று பெயர் வைத்தார். பிராகுக்குப் பக்கத்தில் ரொஸ்தொகியில் மட்டும் இப்படி நூற்றுக்கணக்கான பள்ள வீடுகள் வெளிவந்தன.

இப்போது அந்த வீடியோ. அதில் சொன்னது புதுக் கருத்து இல்லை, யூசெஃப் கொஸ்த்ஷெஃப்ஸ்கி என்ற போலந்துத் தொல்லியலாளரும் அவர் வழிவந்தவர்களும் பல பத்தாண்டுகள் பேசியது: வெண்கலக் காலத்து லுசாட்டியப் பண்பாட்டிலிருந்தே ஓடர், விஸ்துலா ஆறுகளுக்கு இடையில் ஸ்லாவியர்கள் இடைவெளியில்லாமல் வாழ்ந்தார்கள் என்பது. அது எழுந்த சூழலைப் பார்த்தால் கோபப்பட முடியவில்லை. அதே நிலம் ஆதியிலிருந்து ஜெர்மானியருடையது என்று குஸ்தாஃப் கொசின்னா எழுதி, பிறகு நாஜிகள் அதைத் தூக்கிக்கொண்டு ஆடிய காலம், எதிர்வாதம் பிறந்தே தீரும். ஆனால் மண்ணில் கிடைப்பது அதற்கு இடம் தரவில்லை. போலந்தின் பெரும் பகுதியில் 5ஆம் நூற்றாண்டில் பழைய ஊர்களும் இடுகாடுகளும் வரிசையாக நின்றுபோகின்றன, சக்கரத்தில் வனைந்த நல்ல பானை மறைகிறது, மகரந்தப் படிவுகளில் தானியம் குறைந்து காடு திரும்புகிறது, அதற்கப்புறம் வருவது முற்றிலும் வேறு வகை வீடு, வேறு வகை பானை. கசிமியேஷ் கொத்வோஃப்ஸ்கி என்ற இன்னொரு போலந்து அறிஞரே இந்த முறிவை ஒளிவுமறைவில்லாமல் எடுத்துக்காட்டி, பூர்வீகத்தைக் கிழக்கே டினீப்பர் பக்கம் கொண்டுபோனார். தன் நாட்டில் பெரும்பாலோர் விரும்பாத முடிவை ஆதாரத்துக்காக ஏற்றுக்கொண்ட அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆக, 3000 வருஷத் தொடர்ச்சி என்பதை நான் ஏற்கவில்லை. மக்கள்தொகை சுத்தமாகப் பூஜ்யமாகிவிட்டது என்று சொல்வதும் மிகை, அங்கங்கே சிலர் மிஞ்சியிருப்பார்கள்.

அப்புறம், வந்தது ஆட்களா மொழியா என்ற கேள்வி. 2001 வாக்கில் ஃப்ளோரின் கூர்த்தா என்ற வரலாற்று ஆய்வாளர் எல்லோரையும் உலுக்கிய ஒரு வாதத்தை வைத்தார்: வடக்குச் சதுப்பு நிலங்களிலிருந்து பெரிய இடப்பெயர்ச்சி எதுவும் நடக்கவில்லை, ஜஸ்டினியன் டான்யூப் நெடுகக் கட்டிய கோட்டைகளின் நிழலில், பைசாந்தியம், அதாவது கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து ஆண்ட கிழக்கு ரோமப் பேரரசு, கொடுத்த பெயரையும் அழுத்தத்தையும் வாங்கிக்கொண்டு பலதரப்பட்ட மக்கள் ஸ்லாவியர்களாகத் திரண்டார்கள் என்று. பானையைப் பார்த்ததும் பாட்டனைக் கண்டதாக நினைக்காதே என்று அவர் எச்சரித்தது தேவையான எச்சரிக்கைதான், அதற்குப் பின் வந்த எங்கள் எல்லோரையும் அது கவனமாக்கியது. ஆனால் முழு விளக்கமாக அது நிற்கவில்லை. 2025 செப்டம்பரில் வெளியான பெரிய மரபணு ஆய்வு 555 பழங்கால மனிதர்களை எடுத்துக்கொண்டது, அதில் 359 பேர் 7ஆம் நூற்றாண்டு முதலான ஸ்லாவியச் சூழல்களில் புதைக்கப்பட்டவர்கள். கிழக்கு ஜெர்மனி, போலந்து, குரோஷியா மூன்றிலும் உள்ளூர் மரபணுக் கையிருப்பில் 80 சதவீதத்துக்கு மேல் மாறிப்போயிருக்கிறது என்றும், வந்தவர்களின் வேர் இன்றைய தெற்கு பெலாரூஸ், வட உக்ரைன் பக்கம் காட்டுகிறது என்றும் அது சொல்கிறது. இன்னொன்று எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. கலப்பில் ஆண், பெண் சாய்வு தெரியவில்லை, அதாவது ஆண்படை மட்டும் வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்த கதை இது இல்லை, மனைவி, பிள்ளை, கிழவர் எல்லோருமாகக் குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள். பால்கனில் நிலைமை கலவை. 2023இல் வந்த வேறொரு ஆய்வின்படி இன்றைய பால்கன் மக்களின் வம்சத்தில் சுமார் 30 முதல் 60 சதவீதம் இந்த இடைக்கால வரவிலிருந்து வந்தது, தெற்கே போகப் போகக் குறைகிறது.

இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஆரம்பகால ஸ்லாவியர்கள் இறந்தவர்களை எரித்தார்கள். எரிந்த எலும்பில் மரபணு மிஞ்சுவது அரிது. எனவே இந்த ஆய்வுகளில் வருபவர்கள் பெரும்பாலும் புதைக்கும் பழக்கம் வந்த பின் வாழ்ந்தவர்கள். 500 வாக்கில் முதன்முதலாகக் கிளம்பிய ஆட்களை நேரடியாகப் பார்க்க இன்னும் வழியில்லை. மரபணு எந்த மொழியையும் பேசாது என்பதையும் நினைவில் வையுங்கள், இந்த வம்சத்தையும் ஸ்லாவிய மொழியையும் இணைப்பது நாம் செய்யும் ஊகம், நல்ல ஊகம்.

சரி, அரசு இல்லை, குதிரைப்படை இல்லை, எப்படி முடிந்தது? என் கணிப்பில் முதல் காரணம் வெற்று நிலம். கோத், வாண்டல், லொம்பார்டு என்று பெரிய ஜெர்மானியக் கூட்டங்கள் பேரரசை நோக்கித் தெற்கும் மேற்கும் போய்விட்டன. ஹெருலி என்ற கூட்டத்தின் ஒரு பகுதி 512 வாக்கில் டான்யூபிலிருந்து வடக்கே டேன்களின் நாட்டுக்கு (இன்றைய டென்மார்க் பக்கம்) போன கதையைப் புரோகோபியஸ் சொல்கிறார், வழியில் ஸ்க்லாவேனிகளின் நிலங்களை எல்லாம் கடந்து, பிறகு ஆளில்லாத பெரும் பரப்பைத் தாண்டினார்களாம். இந்த ஒரு வாக்கியத்தை நான் வகுப்பில் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்வேன், எங்கே ஆட்கள் வந்துவிட்டார்கள், எங்கே இன்னும் காலி என்று அப்போதே எழுதிய சாட்சி அது. இரண்டாவது காரணம் அவர்களின் வாழ்க்கை முறை. ஒரு குடும்பம் கோடரியும் விதையும் இருந்தால் காட்டை வெட்டி, சில நாளில் பள்ள வீடு எழுப்பி, தினை வகைத் தானியம் விதைத்துப் பிழைத்துக்கொள்ளும். கொல்லன், குயவன், வணிகன், வரி வசூலிப்பவன் என்று ஒரு முழுச் சமூகத்தையும் கூட்டிப்போக வேண்டியதில்லை. ரோம உலகின் சரக்கு வரத்து முறிந்தபோது அதை நம்பியிருந்தவர்கள் தடுமாறினார்கள், இவர்கள் எதையும் இழக்கவில்லை.

மூன்றாவதாக, ஆளைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம். 600 வாக்கில் பேரரசர் மாரிஸின் பெயரில் எழுதப்பட்ட போர்க்கலை நூல் ஒன்று உண்டு. ஸ்லாவியர்கள் கைதிகளை என்றென்றைக்கும் அடிமையாக வைப்பதில்லை, ஒரு காலக்கெடு முடிந்ததும் பணம் கட்டி ஊருக்குப் போவதா, சுதந்திரமான நண்பனாக அங்கேயே இருப்பதா என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள் என்று எதிரியே எழுதிவைத்திருக்கிறான். டான்யூபுக்குத் தெற்கே போர்களில் நொந்துபோன ஒரு ரோமானிய விவசாயிக்கு இது எப்படித் தோன்றியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உள்ளூர் மக்கள் இவர்களோடு கரைந்ததற்கு இதுவும் ஒரு வழியாக இருந்திருக்கும். அதே நூல் இவர்களைக் குளிர்காலத்தில் தாக்கு என்கிறது, மரம் இலையுதிர்ந்து ஒளிய இடமிருக்காது, ஆறு உறைந்து கடக்க வசதி. மாரிஸ் 602இல் அதையே செய்யப் போய், டான்யூபுக்கு அப்பால் குளிர்காலத்தைக் கழிக்கச் சொன்னதும் படை கலகம் செய்தது, அவர் அரியணையோடு உயிரையும் இழந்தார். எல்லை அதன்பின் சில பத்தாண்டுகளில் கைவிட்டுப் போனது.

நான்காவது காரணம் அவார்கள். ஆசியப் புல்வெளியிலிருந்து 558 வாக்கில் வந்து, 568இல் லொம்பார்டுகள் இத்தாலிக்குக் கிளம்பியதும் ஹங்கேரிச் சமவெளியைப் பிடித்துக்கொண்ட குதிரைவீரர்கள். ஸ்லாவியர்களைத் தாக்கினார்கள், அடக்கினார்கள், தங்கள் படையில் முன்னால் நிறுத்தினார்கள். 582இல் ரோம எல்லை நகரமான சிர்மியம் (இன்றைய செர்பியாவில்) அவார்களிடம் விழுந்தது. 626இல் கான்ஸ்டாண்டிநோபிள் முற்றுகையில், ஒரே மரத்தைக் குடைந்த படகுகளில் நகரை ஒட்டிய கொம்பு வளைகுடாவில் இறங்கி அழிந்தவர்கள் ஸ்லாவியர்கள். ஆனால் எல்லாவற்றையும் அவார்களின் கணக்கில் எழுதுவது தவறு. அவார்கள் வருவதற்கு முன்பே ஸ்லாவியர்கள் பால்கனைச் சூறையாடத் தொடங்கிவிட்டார்கள், 580களில் எபேசஸின் யோவான் என்ற திருச்சபை எழுத்தாளர், அவர்கள் நாலு வருஷமாகப் பேரரசின் மண்ணில் பயமில்லாமல் குடியிருந்து தங்கமும் குதிரை மந்தையும் சேர்த்துவிட்டார்கள் என்று புலம்புகிறார். பிறகு அவார்களுக்கு எதிராகவே ஒரு ஸ்லாவியக் கூட்டணி எழுந்தது. அதற்குத் தலைவனானவன் சாமோ, ஃபிராங்க் நாட்டு (இன்றைய பிரான்ஸ் பக்கம்) வணிகன், 623 வாக்கிலிருந்து 35 வருஷம் ஆண்டான், 631இல் வோகஸ்டிஸ்பர்க்கில் ஃபிராங்க் படையையே தோற்கடித்தான். இதெல்லாம் ஃபிரெடெகர் என்று நாம் அழைக்கும் ஒரே ஒரு வரலாற்றுக் குறிப்பிலிருந்து வருவது, அதனால் சாமோவின் ஆட்சி எவ்வளவு பரப்பு என்றெல்லாம் வரைபடம் போடுபவர்களை நம்பாதீர்கள்.

இன்னொரு விஷயமும் கேட்டவருக்குப் பயன்படும்: வந்து குடியேறிய எல்லா இடத்திலும் ஸ்லாவிய மொழி ஜெயிக்கவில்லை. கிரீஸின் தென்பகுதியான பெலோபொனீஸ் வரை போனார்கள், டைகெட்டஸ் மலையில் மெலிங்கோய் என்ற ஸ்லாவியக் கூட்டம் இடைக்காலத்தின் கடைசி வரை தனித்து இருந்தது, ஆனாலும் 9ஆம் நூற்றாண்டிலிருந்து பைசாந்திய அரசும் கிரேக்கத் திருச்சபையும் திரும்பி வந்ததும் மொழி கிரேக்கமாகிவிட்டது. ருமேனியாவில் லத்தீன் வழி மொழி தாக்குப்பிடித்தது. பல்கேரியாவிலோ தலைகீழ். 681 வாக்கில் அஸ்பரூக் தலைமையில் வந்து ஆட்சி அமைத்தவர்கள் துருக்கிய மொழி பேசியவர்கள், இரண்டு நூற்றாண்டில் ஆண்டவர்கள் தங்கள் பெயரை மட்டும் விட்டுவிட்டு ஆளப்பட்டவர்களின் ஸ்லாவிய மொழிக்கு மாறினார்கள். கிழக்கு ஜெர்மனியில் மொழி 12ஆம் நூற்றாண்டு ஜெர்மானியக் குடியேற்றத்துக்குப் பின் மெல்ல மெல்ல ஒடுங்கி, லுசாட்டியாவின் சோர்பு மக்களிடம் இன்றும் உயிரோடு இருக்கிறது. இவ்வளவு சிதறியும் 9ஆம் நூற்றாண்டில் பேச்சு பெரிதாகப் பிரியவில்லை என்பதற்கு நல்ல சான்று உண்டு: 863இல் பைசாந்தியத்திலிருந்து போன கிறிஸ்தவப் போதகர்கள் சிரிலும் மெத்தோடியஸும், கிரீஸின் தெசலோனிகிப் பக்கத்து ஸ்லாவியப் பேச்சை வைத்து எழுதியது மொராவியாவில் (இன்றைய செக் நாட்டின் கிழக்குப் பகுதி) புரிந்தது. நெடுங்காலமாகத் தனித்தனியே வாழ்ந்த மக்களிடம் இது நடக்காது. பரவல் சமீபத்தில், வேகமாக நடந்தது என்பதற்கு மொழியியலாளனாக நான் முதலில் காட்டும் ஆதாரம் இதுதான்.

பிராக் பண்பாட்டு மக்களை எல்லோரிடமிருந்தும் ஒதுங்கியவர்களாகக் கற்பனை செய்துகொள்ளவும் வேண்டாம். செக் நாட்டில் பிரெக்லாவ் நகரை அடுத்த லானியில் 2017இல் ஒரு மாட்டு விலா எலும்பு கிடைத்தது, 600 வாக்கைச் சேர்ந்தது, அதன்மேல் ஜெர்மானிய ரூன் எழுத்து வரிசையின் கடைசி எழுத்துகள் கீறியிருந்தன. எழுதப் பழகிய கை போல இருக்கிறது. கீறியவர் மிஞ்சியிருந்த லொம்பார்டா, அவரிடம் கற்ற ஸ்லாவியரா என்று சொல்ல முடியாது, ஆனால் இருவரும் ஒரே ஊரில் புழங்கியிருக்கிறார்கள் என்பது உறுதி.

கிழக்குப் பக்கம் நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 200 வருஷக் கணக்கு அங்கே பொருந்தாது. மேல் டினீப்பர், ஓகா, வோல்கா ஆறுகளின் பக்கம் பால்டிக் மொழிக்காரர்களும் ஃபின்னிய மொழிக்காரர்களும் ஏற்கெனவே வாழ்ந்தார்கள். பெரிய வெற்றிடம் இல்லை. அங்கே ஊர் ஊராக, தலைமுறை தலைமுறையாகக் கலந்துதான் பரவல் நடந்தது, பல நூற்றாண்டு எடுத்தது. மெரியா, முரோமா போன்ற ஃபின்னிய மக்களை 12ஆம் நூற்றாண்டு ரஷ்ய நாளாகமம் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கோல்யாத் என்ற பால்டிக் கூட்டத்தைப் புரொத்வா ஆற்றங்கரையில் தாக்கியதாக 1147ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று இருக்கிறது, மாஸ்கோவின் பெயர் எழுத்தில் முதன்முதலாக வருவதும் அதே ஆண்டுக் குறிப்பில்தான், அந்த ஆறு ஓடுவதோ மாஸ்கோவுக்குத் தென்மேற்கே வெகு தூரமில்லாத இடத்தில்.